மொட்டை மாடி சோலார் பந்தல்: கோளாறு தெரிந்தால் எங்கே பார்ப்பது

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சோலார் பேனலையே கூரையாக வைத்துப் பந்தல் போட்டிருக்கிறோம். 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். ஒன்பதடி உயரத்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கால்கள். கீழே ஒரு ஊஞ்சல், நாலு நாற்காலி. ஒறம்பரை வந்தால் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள். அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஐந்தாறு பேர் ஊருக்குப் போய்த் தாங்களும் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். கோளாறு வந்தால் முதல் போன் எனக்கு. அந்தப் போன்களில் திரும்பத் திரும்ப வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த கோளாறுகளில் பேனலே கெட்டுப்போனது அபூர்வம். சோலார்காரருக்குப் பந்தல் தெரியாது, வெல்டிங் பட்டறைக்காரருக்குப் பேனல் தெரியாது. இரண்டு பேரும் “அது அவரோட வேலைங்க” என்று விட்டுப்போன இடத்தில்தான் தண்ணீர் ஒழுகும், துரு பிடிக்கும், சத்தம் வரும். அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் இரும்பும் பேனலும் சேருகிற இடத்தை முதலில் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்: ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் வெயிலில் கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) நிற்கும். அந்த டிசியை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தாலும் பேனல் அணையாது, வெளிச்சம் இருக்கும் வரை அது உயிரோடுதான் இருக்கும். பேனல் கனெக்டரை லோடு ஓடும்போது பிடுங்கினால் தீப்பொறி இழுத்துக்கொண்டு நிற்கும். வீட்டு லைனில் வரும் ஏசி மின்சாரம் அப்படிச் செய்யாது, டிசி செய்யும். முதலில் ஏசி பிரேக்கர், அப்புறம் டிசி ஐசோலேட்டர் (பேனலை இன்வெர்ட்டரிலிருந்து துண்டிக்கும் சுவிட்ச்), அதற்குப் பிறகே மற்றது. தெரியாவிட்டால் கண்ணால் மட்டும் பாருங்கள். பாதிக் கோளாறு கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மழை பெய்தால் பந்தல் ஒழுகுகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். “கூரைனு சொன்னீங்க, குடை பிடிச்சுட்டு உக்கார வேண்டியிருக்குதுங்க” என்றார் என் சித்தப்பா. தப்பு அவர் மேல் இல்லை. பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே கிளாம்ப் போட சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆகவேண்டும். தரையை ஒட்டிப் போடும் பேனலில் அந்த இடைவெளி யாரையும் தொந்தரவு செய்யாது. கீழே ஆள் உட்காரும்போதுதான் அது ஓட்டையாகிறது.

எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். சரிவு ஓடும் திசையிலேயே உள்ள இடைவெளியில் சொட்டினால் வேலை எளிது. இடைவெளிக்கு நேர் கீழே, பேனலைத் தாங்கும் ரெயிலுக்கு உள்ளே, அலுமினியத்தில் ஒரு வாய்க்கால் சேனல் ஓடவேண்டும். விழுகிற தண்ணீரை வாங்கி அது சரிவின் கடைசிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். சரிவுக்குக் குறுக்கே, அதாவது மேல்வரிசைப் பேனலுக்கும் கீழ்வரிசைப் பேனலுக்கும் நடுவே ஒழுகினால் கொஞ்சம் சிரமம். மேலிருந்து வருகிற தண்ணீர் முழுவதும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே வெயில் தாங்கும் இபிடிஎம் ரப்பர் பட்டையை அழுத்திச் செருகுவது ஒரு வழி. மேல்வரிசையைப் பேனல் சட்டத்தின் தடிமனுக்குச் சற்று மேலாகத் தூக்கி, ஓட்டுக்கு மேல் ஓடு படிவது போல் கீழ்வரிசை மேல் படியவிடுவது இன்னொரு வழி. அப்போது மேல் விளிம்பின் நிழல் கீழ்ப்பேனலின் செல் (மின்சாரம் தரும் கறுப்புக் கட்டம்) மேல் விழாத அளவுக்கு மட்டும் படியவிடவேண்டும். ஓடு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சிலிக்கானை மட்டும் நம்பாதீர்கள். முதல் மழைக்கு நிற்கும். பேனலின் அலுமினியச் சட்டம் பகலில் சுட்டு நீளும், இரவில் குளிர்ந்து சுருங்கும். ஒரு சித்திரை வெயிலைத் தாண்டியதும் சிலிக்கான் ஒரு பக்கம் விட்டு உரிந்து தொங்கும். எங்கள் வீட்டில் முதல் வருடம் நாங்கள் செய்ததும் அதுதான். ஐப்பசி மழையில் சரியாக ஊஞ்சலுக்கு மேலேயே சொட்டியது.

சரிவு போதுமா என்றும் பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கின்றன. தெற்குப் பார்த்து 10, 11 பாகை சரிவு வைத்தால் மின்சாரத்துக்கும் நல்லது, தண்ணீரும் ஓடிவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கவேண்டும் என்று பந்தலைச் சமதளமாகப் போட்டுவிடுகிறார்கள். அப்போது தண்ணீர் எங்கும் போகாமல் சட்டத்துக்குள்ளேயே நிற்கும், நின்று நின்று ஒழுகும். சமதளப் பந்தலுக்கு ரப்பர் போட்டு நான் ஜெயித்ததில்லை. வடக்குக் கால்களின் தலையில் துண்டுப் பைப் வைத்து உயர்த்தியபோதுதான் நின்றது.

சரிவின் கடைசியில் ஒரு தகரக் காவா வைத்து டிரம்மில் விடுங்கள். ஆறு பேனலின் பரப்பு சுமார் பதினைந்தரை சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கே 750 லிட்டருக்கு மேல் வரும். அந்தத் தண்ணீருக்கு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஒழுகுவது பந்தலில் இல்லை, வீட்டுக்குள்

பந்தல் போட்ட அடுத்த மழையில் படுக்கையறைக் கூரையில் ஈரம் பூத்தால், காலின் பேஸ் பிளேட்டைப் பாருங்கள். தட்டோடு பதித்த தளத்தை டிரில் செய்து ஆங்கர் போல்ட் அடித்திருப்பார்கள். தட்டோடும் அதன் கீழே உள்ள சுண்ணாம்புப் படுகையும்தான் அந்தத் தளத்துக்குக் குடை. அதில் நாலு காலுக்கு நாலு நாலாகப் பதினாறு ஓட்டை. மேலே சிமெண்ட் பூசி மூடினாலும் காற்றில் கால் அசைய அசைய அது வெடித்துவிடும்.

போல்ட்டைக் கழற்றி, ஓட்டையை எபாக்ஸியால் நிரப்பி, தூணோ பீமோ ஓடுகிற இடத்துக்கு மேலாக கான்கிரீட் பெடஸ்டல் (குட்டையான பீடம்) கட்டிக் காலை அதன் மேல் ஏற்றுவதுதான் சரியான வைத்தியம். பெடஸ்டலின் எடை பற்றிக் காற்றுப் பகுதியில் பேசுவோம்.

பந்தலுக்குக் கீழே அனல் அடிக்கிறது

தென்னங்கீற்றுப் பந்தலை நினைத்துக்கொண்டு இதற்குக் கீழே வந்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். கீற்று மூச்சு விடும். அடியில் சேரும் சூடான காற்று ஓலைக்கு நடுவே மேலே போய்விடும். பேனல் கண்ணாடிக் கதவு போல, விடாது. பங்குனி சித்திரையில் மதியம் பேனலின் அடிப்பக்கம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூடு நேராக உங்கள் தலைக்கு இறங்கும்.

எப்போது அனல் அடிக்கிறது என்று கவனியுங்கள். நாள் முழுக்க என்றால் உயரம் போதவில்லை. ஏழடியில் போட்ட பந்தலின் கீழே உட்கார்ந்தால் அடுப்புத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒன்பதடி, பத்தடி என்றால் காற்று நடுவில் புகுந்து சூட்டை இழுத்துக்கொண்டு போகும். வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கம் இந்தப் புகாரே நின்றுவிடும்.

உயரம் சரி, இருந்தும் அனல் என்றால் யாரோ அடைத்திருக்கிறார்கள். கோபி பக்கம் ஒரு வீட்டில் பேனலின் அடிப்பக்கம் அசிங்கமாக இருக்கிறதென்று பேனலை ஒட்டியே தெர்மாகோலும் பிவிசி பலகையும் அடித்திருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் பேனலுக்குக் கீழே காற்றே இல்லை. பேனல் சுடச்சுட மின்சாரம் குறையும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.35 சதவீதம் போகும். 65 பாகை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 14 சதவீதம். போதாக்குறைக்கு அந்த இடுக்கில் அணில் கூடு. டிசி கனெக்டர் பக்கத்தில் தெர்மாகோலும் காய்ந்த நாரும் இருப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே பிரிக்கச் சொல்லிவிட்டேன். மூங்கில் தட்டியையும் கீற்றையும் பேனலை ஒட்டிக் கட்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

உள்கூரை வேண்டும் என்றால் ஒரு முழமாவது கீழே இறக்கி, தீப்பிடிக்காத பலகையாக, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். அதிலும் வடக்குப் பக்கம், சரிவின் உயர்ந்த முனை, கட்டாயம் திறந்திருக்கவேண்டும். சூடு மேலே ஏறி வெளியே போகிற வாசல் அதுதான்.

பந்தலைச் சுற்றியுள்ள தளத்தையும் பாருங்கள். நிழல் விழாத பகுதி செந்நிறத் தட்டோடாக இருந்தால் அங்கிருந்து வெக்கை பக்கவாட்டில் வரும். வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டாலோ வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தாலோ குறையும். இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ள பைஃபேஷியல் பேனல் போட்டவர்களுக்கு இதில் இரட்டை லாபம். வெள்ளைத் தளத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அடிப்பக்கம் வழியாக மின்சாரமாகும்.

பொழுதோட வெயில் உள்ளே வந்துவிடுகிறது

இது கோளாறே இல்லை, கணக்கு. மதியம் 12 மணிக்கு நிழல் பந்தலுக்கு நேர் கீழே விழும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டியும் சூரியன் நமக்கு உச்சந்தலையில் நிற்கும். ஆனால் மாடிக்கு நாம் போவது மதியத்தில் இல்லை. ஏப்ரலில் மாலை 4 மணிக்குச் சூரியன் நேர் மேற்கே சுமார் 36 பாகை உயரத்தில் இருக்கும். ஒன்பதடிப் பந்தலின் மேற்கு ஓரத்திலிருந்து 12 அடி தூரத்துக்கு வெயில் உள்ளே வரும். 5 மணிக்கு 22 அடி. நம்முடைய பந்தலே பன்னிரண்டு, பதினாலு அடி அகலம்தான். அப்புறம் நிழல் எங்கே இருக்கும்? பந்தலை விட்டு வெளியே, கிழக்குக் கைப்பிடிச் சுவரில் போய் விழுந்துகொண்டிருக்கும்.

அதற்காகப் பந்தலின் உயரத்தைக் குறைக்காதீர்கள். அனல் திரும்ப வந்துவிடும். மேற்குப் பக்கம் மட்டும் ஏழடி உயரத்துக்கு நிழல் வலையோ மூங்கில் தட்டியோ சுருட்டி இறக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதப் பச்சை வலை போதும், காற்று போகும். ஆடி மாதம் கட்டாயம் சுருட்டிக் கட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் அது பாய்மரமாகிப் பந்தலையே இழுக்கும். சங்குப்பூக் கொடியோ மல்லிகையோ ஏற்றலாம் என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக, ஆனால் பேனல் விளிம்புக்கு ஒரு அடி கீழே வெட்டி நிறுத்தும் பொறுமை இருக்கவேண்டும். எனக்கு இல்லை.

யூனிட் குறைந்துகொண்டே வருகிறது

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரி நாலு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட் பந்தலுக்கு 12. ஆனி, ஆடியில் மேகம் மூடிய நாளில் ஐந்து, ஆறு என்று வந்தால் பதறவேண்டாம். மாசி, பங்குனியிலும் ஒன்பதைத் தாண்டவில்லை என்றால் தேடலாம்.

இன்வெர்ட்டர் ஆப்பைத் திறந்து, மேகமில்லாத ஒரு நாளின் கோட்டைப் பாருங்கள். நல்ல பந்தலின் கோடு கவிழ்த்த சட்டி போல இருக்கும். சட்டி முழுசாக, ஆனால் உயரம் குறைவாக இருந்தால் அழுக்கு. தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல். உச்சியில் சீப்புப் பல் மாதிரி மேலும் கீழும் குதித்தால் ஈபி வோல்டேஜ். அதற்குத் தனியாக வருகிறேன்.

அழுக்கு ஊருக்கு ஊர் வேறு. பொள்ளாச்சியில் தென்னை நார் மில் தூசி, காங்கயத்தில் ஆலைப் புகைக் கரி, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைத் தூசி, எங்கள் பக்கம் பஞ்சு. பஞ்சும் பனியும் சேர்ந்தால் பேனல் மேல் கம்பளி மாதிரி படியும், சும்மா தண்ணீர் அடித்தால் போகாது. மார்கழியில் ஒரு காலை விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரல் நுனியில் சாம்பல் நிறத் திரி சுருண்டது.

கழுவுவதற்கும் முறை உண்டு. விடியற்காலையில் கழுவுங்கள். சுட்ட கண்ணாடி மேல் மதியம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். மெல்லிய தலை உள்ள நீண்ட மாப் போதும், சோப்புத்தூள் வேண்டாம். போர்த் தண்ணீர் கூடவே கூடாது. பல்லடம், திருப்பூர் போரில் உப்பு எவ்வளவு என்று குடிக்காமலே தெரியும், பக்கெட் விளிம்பைப் பார்த்தால் போதும். அதே வெள்ளை வட்டம் பேனலில் படிந்தால் வருடாவருடம் தடித்துக்கொண்டே போகும். சிறுவாணி, அத்திக்கடவு குழாய்த் தண்ணீர் வருகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்களுக்குத்தான் அந்த டிரம் மழைத்தண்ணீர். ஏற்கெனவே வெள்ளைக்கறை பிடித்திருந்தால் வினிகரைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து, துணியில் நனைத்து ஒற்றித் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். சுரண்டாதீர்கள்.

கீழ் விளிம்பில் ஒரு கோடு மண் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். சட்டம் கண்ணாடியை விடச் சற்று உயரம் என்பதால் கழுவிய தண்ணீர் அங்கே தேங்கிச் சேறாகும். பேனலின் கடைசி வரிசைச் செல் முழுவதும் மறையும். பார்க்க விரல் அகலம்தான், இழப்பு அதைவிடப் பெரிது. தண்ணீரை வெளியே இழுத்துவிடும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் கிடைக்கிறது, விளிம்பில் மாட்டிவிட்டால் சேறு நிற்காது.

நிழல் பள்ளத்துக்கு, அந்த நேரத்தில் மேலே ஏறி நின்று பாருங்கள். பகலில் பாராமல் ராத்திரி ஆப்பைப் பார்த்துக்கொண்டே யோசிப்பதில் பயனில்லை. வழக்கமான எதிரி தண்ணீர் டேங்க். பந்தலுக்குத் தெற்கே இருந்தால் மார்கழியில் அடிக்கும், வடக்கே இருந்தால் அனேகமாகத் தொந்தரவு இல்லை. டிசம்பர் மதியத்தில் ஒரு அடி உயரத்துக்கு எட்டு அங்குலம் வடக்கே நிழல் நீளும், காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடும் கம்பி, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாம் இதே கணக்கு.

அப்புறம் மயில். கொங்கு நாட்டில் இப்போது காக்கையை விட மயில் அதிகம் என்று தோன்றுகிறது. உயரமான, வழுவழுப்பான பந்தல் அதற்கு நல்ல மேடை. மயில் எச்சம் காக்கை எச்சம் போல் இல்லை, ஒரு கைப்பிடி அளவு விழும். மறைந்த செல்லைத் தாண்டி மின்சாரம் போவதற்குப் பேனலில் மூன்று பைபாஸ் டயோடுகள் உண்டு. அதனால் ஒரு எச்சத்துக்கு ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். நாள்கணக்கில் விட்டால் அந்த இடம் சுட்டுப் பழுப்பு விழும். விரட்ட நான் செய்ததில் ஓரளவு பலித்தது ஒன்றே: மேல் விளிம்பில் அரை அடி உயரத்தில் மெல்லிய நைலான் நரம்பு இழுத்துக் கட்டுவது. இறங்க வரும்போது காலில் பட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டாரிடம் இதைச் சொல்லவில்லை.

மதியத்தில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது

திரையில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று வரும். இன்வெர்ட்டர் மின்சாரத்தை ஈபி லைனுக்குள் தள்ள வேண்டுமானால் லைன் வோல்டேஜை விடச் சற்று உயர்த்தித்தான் தள்ளமுடியும். லைனே 250ஐத் தாண்டி இருந்தால், உயர்த்த உயர்த்த எல்லையைத் தொட்டு நின்றுவிடும். சில நிமிடம் கழித்துத் திரும்ப ஓடும், திரும்ப நிற்கும்.

எங்கள் ஊரில் இது ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு. விசைத்தறி ஓடாது, லைனில் லோடு இல்லை, வோல்டேஜ் ஏறி நிற்கும். தோட்டத்து வீடுகளில் பம்ப்செட் ஓடாத நேரங்களில் இதே கதை.

யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் போனில் ஒரு ஆளும் போதும். நல்ல வெயிலில் ஒரே நேரத்தில் இன்வெர்ட்டர் முனையிலும் ஈபி மீட்டர் அருகிலும் அளந்து பாருங்கள். மேலே 256, கீழே 248 என்று வந்தால் மாடியிலிருந்து மீட்டர் வரை இழுத்த உங்கள் கேபிள் மெல்லிசு. தடித்த கேபிள் மாற்றுங்கள், முடியும். இரண்டு இடத்திலும் 255 என்றால் லைன் பிரச்சினை. தேதி, நேரம், அளவு மூன்றையும் ஒரு வாரம் குறித்து, ஆப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் டேப் மாற்றி வோல்டேஜைக் குறைப்பது அவர்கள் கையில். “வோல்டேஜ் எல்லையைக் கூட்டி வெச்சுட்டா நிக்காதுங்ணா” என்று ஒரு தம்பி செட்டிங்கைத் திறக்க வருவார். விடாதீர்கள். அந்த எல்லை உங்கள் ஃப்ரிட்ஜுக்கும் காவல்.

மழைக்கு மறுநாள் காலை பிழை காட்டி, பத்து மணிக்குத் தானே சரியாகிவிடுகிறது

‘ஐசோலேஷன் ஃபால்ட்’ என்று வந்தால் டிசி பக்கத்தில் எங்கோ ஈரம். வெயில் ஏறக் காய்ந்துவிடுவதால் சோலார்காரர் பதினொரு மணிக்கு வந்து “எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது” என்று போய்விடுவார். எங்கள் வீட்டில் மூன்று முறை அப்படிப் போனார்.

நாலாவது முறை ஏழு மணிக்கே நான் ஏறினேன். கீழே உட்காருகிறவர் கண்ணுக்கு ஒயர் தெரியக்கூடாது என்று கேபிளை எல்லாம் சி-சேனலுக்குள் (ஒரு பக்கம் திறந்த இரும்புச் சட்டம்) மறைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. சேனலின் இரண்டு முனையையும் வெல்டிங்காரர் துப்புரவாக மூடியிருந்தார். வாய் மேலே பார்த்த சேனல், மூடிய முனை. தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி இரண்டு அங்குலம் மழைத்தண்ணீர். அதில் ஒரு ஜோடி கனெக்டர் மூழ்கிக் கிடந்தது, பக்கத்தில் ஒரு வேப்பிலை மிதந்தது. ஒருவர் ஒயரை மறைத்தார், ஒருவர் முனையை மூடினார், இரண்டும் நல்ல வேலைதான்.

வைத்தியம்: சேனலின் அடியில் அடிக்கு ஒரு வடிகால் ஓட்டை, வெட்டிய இடத்தில் துத்தநாகப் பெயிண்ட். கனெக்டரைத் தூக்கிப் பேனல் சட்டத்தில் கட்டவேண்டும், கேபிள் சற்றுத் தொங்கி வளைந்து வரவேண்டும், அப்போதுதான் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். கட்டுவதற்குக் கறுப்பு, வெயில் தாங்கும் பிளாஸ்டிக் கேபிள் டை. வெள்ளை டை ஒன்றிரண்டு வருடத்தில் அப்பளமாக நொறுங்கும். இரண்டு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று மாட்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பொருந்தின மாதிரி இருக்கும், பொருந்தாது. அணில் கடித்த தடமும் இதே பிழையைக் காட்டும், அதனால் கேபிள் உறையையும் நீளமாகக் கண்ணால் பாருங்கள். கை வைக்காதீர்கள், ஐசோலேட்டரை அணைத்தாலும் பேனல் பக்கக் கேபிளில் மின்சாரம் நிற்கும்.

தூணைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்படி இருந்தால், ஏசியையும் டிசியையும் அணைத்துவிட்டு, குழந்தைகளை மாடிக்கு விடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். எறும்பு கடிப்பது போல் லேசாக இருந்தாலும் சரி. ஸ்ட்ரக்சருக்கு எர்த் இல்லை அல்லது விட்டுப்போயிருக்கிறது. காலுக்குக் கால் எர்த் இணைந்திருக்கிறதா, பெயிண்ட்டுக்கு மேல் போல்ட் வைத்து முறுக்கியிருக்கிறார்களா, செம்பு ஒயரை நேராக ஜிஐ மேல் வைத்து அது பச்சை பிடித்திருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாறையும் சரளையுமான மேட்டுக்காட்டு மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

காற்றுக்குப் பந்தல் ஆடுகிறது, கடகடக்கிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் சோலார் பந்தலைப் பார்த்ததில்லை. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இவ்வளவு காற்றாலை எதற்கு நிற்கிறது என்று நினைத்தாலே விஷயம் புரியும்.

முதலில் சத்தத்தைப் பிரியுங்கள். டக் டக் என்று தட்டினால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பேனலையும் கையால் லேசாக மேலே தள்ளிப் பாருங்கள், அசைகிறது எதுவோ அது. பேனல் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பானரால் (முறுக்கும் விசையை அளந்து காட்டுவது) முறுக்குங்கள். கண்மூடித்தனமாக முறுக்கினால் சட்டம் நெளியும். விசில் மாதிரி சத்தம் வந்தால் மூடாத பைப் வாய், மூடி போட்டால் போதும். கிறீச்சென்று முனகினால் வெல்டிங் விட்டுக்கொண்டிருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பந்தல் முழுவதும் பக்கவாட்டில் ஊஞ்சலாடினால் கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் இல்லை. நடக்க வழி வேண்டும் என்று எல்லாப் பக்கமும் திறந்து விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமாவது பெருக்கல் குறி மாதிரி சட்டம் வேண்டும், முடியாவிட்டால் காலின் தலையில் முக்கோண முட்டு.

தூக்குவதுதான் பெரிய ஆபத்து. கோவைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். பதினைந்தரை சதுர மீட்டர்ப் பந்தலுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன்னை மேல்நோக்கி இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆறு பேனலின் மொத்த எடை 170 கிலோ. மீதியைப் பிடித்து நிறுத்துவது யார்? ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி உயரப் பெடஸ்டல் ஒன்று சுமார் 230 கிலோ. ஆறு கால், ஆறு பெடஸ்டல், அவற்றைத் தளத்தோடு பிணைத்த கம்பி. இவ்வளவும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். இருக்கும் பந்தலில் பெடஸ்டல் சின்னது என்றால் கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள், தளம் அந்த எடையைத் தாங்குமா என்பதும் அவர் சொல்லவேண்டியதுதான். இதில் மட்டும் எனக்குத் தெரிந்தவர், மச்சானுக்குத் தெரிந்தவர் என்று போகாதீர்கள்.

துரு

பைப் ஜிஐதான், ஆனால் வெட்டி வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பெயிண்ட் இரண்டு கை, அதற்கு மேல் உங்களுக்குப் பிடித்த நிறம். சில்வர் பெயிண்ட் எல்லாம் துத்தநாகப் பெயிண்ட் ஆகிவிடாது. டப்பாவைப் படியுங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் போய்விடுகிறது

கோளாறு இல்லை. லைனில் வேலை செய்கிற ஆள் உயிர் போகக்கூடாது என்பதற்காக ஆன்-கிரிட் (ஈபி லைனோடு இணைந்து ஓடும்) இன்வெர்ட்டர் ஈபி நின்றதும் தானும் நிற்கும். கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓடவேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வேண்டும். விற்கும்போது இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

பில் குறையவில்லை

ஆப்பில் 12 யூனிட் காட்டுகிறது, ஈபி மீட்டரில் 7தான் வெளியே போயிருக்கிறது, 5 யூனிட்டை யார் திருடினார் என்று கேட்பார்கள். நீங்கள்தான். பகலில் வீட்டில் ஓடின மோட்டாரும் மிக்ஸியும் மீட்டரைத் தொடாமலே சோலாரை நேராகச் சாப்பிட்டுவிட்டன. ஆப் காட்டுவது உற்பத்தி, மீட்டர் காட்டுவது மிச்சம்.

அது இல்லாமல் உண்மையிலேயே பில் ஏறியிருந்தால், சோலார் வந்த தைரியத்தில் ஏசி வாங்கினீர்களா என்று யோசியுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறும் என்பது நினைவிருக்கட்டும். இருவழி மீட்டர் மாட்டும் முன்பே இன்வெர்ட்டரை ஓடவிட்டவர்களும் உண்டு. பழைய மீட்டர்கள் சில வெளியே போவதையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். மீட்டர் மாறும் வரை பிரேக்கரை அணைத்து வையுங்கள்.

வற்றல் காயவில்லை

எங்கள் அம்மாவின் புகார் இது. “இத்தனை பெரிய மொட்ட மாடியில ஒரு மொளகாயக் காய வெக்க எடமில்லையாடா கண்ணு?” மாசி, பங்குனியில் மிளகாய், வடகம், சுண்டைக்காய் எல்லாம் மாடிக்கு வரும். நல்ல வெயில் விழும் நடு மாடியை நான் பந்தலுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது போடுகிறவர்கள் பந்தலை மாடியின் மேற்குப் பாதிக்குத் தள்ளிவிடுங்கள். கிழக்கே ஆறேழு அடி வெறும் தளமாக இருந்தால் காலையிலிருந்து மதியம் வரை நல்ல வெயில் கிடைக்கும். ஏற்கெனவே நடுவில் போட்டாகிவிட்டது என்றால் கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டுத்தான் காயவைக்கவேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஒரு மணிக்கு மேல் பந்தல் நிழல் மெல்ல ஏறி வரும், அம்மா கட்டிலை ஒரு அடி நகர்த்துவார், மூன்று மணிக்கு இன்னொரு அடி. நகர்த்தும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார், ஒரு முனையைப் பிடிக்க.